வெறும் கண்ணாடி

செப்டம்பர் 12

ஆய்வுக் கமிட்டிக் கூட்டம் முடிந்தது. ஏப்ரல் முப்பதோடு என் பிஎச்.டி. பதிவு காலாவதி. அதற்குள் ஒரு கட்டுரையாவது ஏதாவது ஆய்விதழில் ஏற்கப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் பட்டம் கிடையாது. இதற்குமேல் நீட்டிப்பு இல்லை. தலைவர் இதைச் சொல்லும்போது பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். ஒருத்தியின் ஏழு வருஷத்தைப் பற்றிப் பேசும்போது வாயில் பிஸ்கட் இருக்கக்கூடாது என்று ஒரு விதி கொண்டுவரலாம்.

அம்மா போனில், "நீ அங்க என்னதான்டி செய்யுத?" என்று மறுபடி கேட்டாள். ஏழு வருஷமாகக் கேட்கிறாள். ஏழு வருஷமாக நானும் மழுப்புகிறேன். இன்றைக்கு அவளுக்குச் சொல்வதுபோல எழுதிப் பார்க்கிறேன்.

என்னிடம் நகத்தளவு ஒரு சிப் இருக்கிறது அம்மா. அதில் மின்சாரத்துக்குப் பதிலாக வெளிச்சம் ஓடும். அது ஓடுகிற பாதை தலைமுடியைவிட நூறு மடங்கு மெலிசு. அந்தப் பாதையின்மேல் எனக்கு ஒரே ஒரு புள்ளி வேண்டும். நீல லேசர் பட்டால் அந்தப் புள்ளி வெளிச்சத்தை ஒவ்வொரு துகளாக விடவேண்டும், இரண்டு சேர்ந்து வரக்கூடாது. அப்படி ஒரு புள்ளி கிடைத்தால் யாராலும் ஒட்டுக்கேட்க முடியாத செய்தி அனுப்பலாம், இன்னும் என்னென்னவோ செய்யலாம். அது ஒற்றைத் துகள்தானா என்று பார்க்க, வெளிச்சத்தை இரண்டாகப் பிரித்து, துகள் பட்டால் கத்துகிற இரண்டு டிடெக்டருக்கு அனுப்புவோம். ஒற்றை என்றால் இரண்டும் ஒரே சமயத்தில் கத்தாது. திரையில் ஓடும் கோட்டில் நடுவே ஒரு பள்ளம் விழும். எங்கள் லேபில் யாரும் யாரையும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை, பள்ளம் விழுந்துச்சா என்றுதான் கேட்போம்.

எனக்கு விழவில்லை. கோடு நேராகப் போய்க்கொண்டே இருக்கிறது. மருத்துவமனையில் அப்படிப் போனால் ஆள் போய்விட்டதாக அர்த்தம்.

செப்டம்பர் 30

நான்கு சிப். நான்கும் நேர்கோடு. விடுதியில் தண்ணீர் இல்லை. துணி ஊறிக்கொண்டே இருக்கிறது.

அக்டோபர் 20

திங்கட்கிழமை விடுமுறை என்பதால் ஆயுத பூஜையை இன்றைக்கே முடித்துவிட்டோம். சாரநாதன் சாருக்கு மற்ற எதில் ஆர்வம் குறைந்தாலும் இதில் குறையாது. என் ஆய்வு வழிகாட்டி, அறுபதுக்கு இரண்டு குறைவு. வேட்டி கட்டிக்கொண்டு வந்து, லேசர் மேசை முன்னால் கண்ணை மூடி நின்றார். சந்தனம், மஞ்சள், குங்குமக் கிண்ணங்களை என் கையில் கொடுத்து, "எல்லாத்துக்கும் வைம்மா சொர்ணம். சின்னதுன்னு எதையும் விட்டுடாத. அதுங்கதான் நமக்குச் சோறு போடுது" என்றார்.

லேசருக்கு, மைக்ராஸ்கோப்புக்கு, பம்ப்புக்கு, கம்ப்யூட்டருக்கு என்று வைத்துக்கொண்டே போனேன். சிப்பை எடுக்கிற ட்வீசருக்குக்கூட மஞ்சள் தடவி ஒரு பொட்டு. பிறகு பொரி, சுண்டல். முடிந்ததும் ட்வீசரை டிஷ்யூவால் துடைத்து, அது எப்போதும் நிற்கிற ஆல்கஹால் ஜாடியில் போட்டேன். மேசையைக் கூட்டினேன். பொரி எங்கே போனாலும் லேசருக்கு அடியில்தான் போய் உட்காரும்.

சாமி கும்பிடும்போது நான் வேண்டிக்கொண்டதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. பள்ளம் என்ற சொல்லைச் சொல்லி இதுவரை யாரும் சரஸ்வதியிடம் அழுதிருக்க மாட்டார்கள்.

அக்டோபர் 27

விழுந்துவிட்டது.

காலையில் ஐந்தாவது சிப்பை ஜாடியில் அலசி வைத்தேன். பதினொரு மணிக்கு ஒரு புள்ளி மினுங்கியது. கோடு ஓட ஆரம்பித்தது. நடுவில் பள்ளம். திரையைத் துடைத்துப் பார்த்தேன். சார் வந்து பார்த்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அம்மா சொர்ணம்" என்று மட்டும் சொன்னார். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன்.

நவம்பர் 3

இன்னும் மூன்று புள்ளி. அம்மாவுக்கு போன் செய்தேன். "அப்போ எப்ப வாரே?" என்றாள்.

நவம்பர் 15

ஒரு சின்னச் சிக்கல். புள்ளிகள் நிலைக்கவில்லை. லேசரை வைத்துச் சில நிமிடங்களில் அணைந்துவிடுகின்றன. பள்ளம் பதிவாகும் வரைக்கும் தாக்குப்பிடித்தால் போதும் என்று ஒவ்வொன்றையும் பிடித்துக் கெஞ்சுகிறேன். "அதையும் எழுதிடலாம். அணையறதும் ஒரு குணம்தானே" என்றார் சார்.

செப்டம்பரில் அளந்து பெட்டியில் வைத்திருந்த பழைய சிப்புகளில் இன்னமும் ஒன்றும் வரவில்லை. புதிதாக அலசியவற்றில்தான் வருகிறது. மேற்பரப்பு அலசலில் சுத்தமாகி உள்ளே இருப்பவை விழித்துக்கொள்கின்றன என்று ஒரு பத்தி எழுதினேன். படிக்க நன்றாகவே இருந்தது.

நவம்பர் 29

கட்டுரையை அனுப்பியாயிற்று. எல்லோரும் பார்க்கிற மாதிரி இணையத்திலும் போட்டாயிற்று. ஊறவைத்த துணியைத் துவைத்தேன்.

டிசம்பர் 18

கோயம்புத்தூரிலிருந்து மெர்லின் என்று ஒரு பெண் போன் செய்தாள். வேறொரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி, சொந்த ஊர் தக்கலைப் பக்கம். எங்கள் கட்டுரையைப் பார்த்துவிட்டு அவளுடைய வழிகாட்டி வாசுகி மேடம், இதைத் திரும்பச் செய்து காட்டு என்று உட்காரவைத்திருக்கிறார்.

"சொர்ணக்கா, நீங்க எழுதுனது போலத்தான் எல்லாம் செய்யேன். அதே சூடு, அதே லேசரு. ஒண்ணுமே வரல கேட்டியளா. எனக்க கையில என்னமோ இருக்கு."

"முதல்ல எல்லாருக்கும் அப்படித்தான். நல்லா அலசுனியா?"

"அலசுனேன்க்கா. புது ஆல்கஹாலுதான்."

ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, சுகமாக இருந்தது. ஏழு வருஷத்தில் என்னிடம் யாரும் எதையும் எப்படிச் செய்வது என்று கேட்டதில்லை.

ஜனவரி 11

கட்டுரையைப் பரிசீலித்தவர்களில் ஒருவர் கேட்டிருக்கிறார்: பாதை எதுவும் செதுக்காத வெறும் கண்ணாடித் துண்டை இதேபோல் அளந்தீர்களா?

"அளந்தோமாம்மா?" என்றார் சார்.

"ஜூலைல அளந்தேன் சார். ஒண்ணும் வரல."

"அப்ப அதையே எழுதிடு."

எழுதிவிட்டேன். அளந்தோம், ஒன்றும் வரவில்லை. பொய் இல்லை.

ஜனவரி 24

மெர்லின். அவளுக்கு இன்னும் வரவில்லை. வாசுகி மேடம் எல்லோர் முன்னாலும், சென்னையில் ஒருத்தி செய்ததை உன்னால் செய்ய முடியவில்லை என்றால் கோளாறு உன் கையில்தான் என்று சொல்லியிருக்கிறார். அவளுக்கு இது ஆறாவது வருஷம். போனிலேயே அழுதாள். அழாதே, என்னைப் பார், செப்டம்பரில் நான் இருந்த இருப்பு உனக்குத் தெரியாது என்றேன். ஏப்ரல் முப்பது கதையைச் சொன்னேன். அவள் தன் கவலையை விட்டுவிட்டு, "அய்யோ அக்கா, அதுக்குள்ள உங்களுக்குக் கிடைச்சிரும்லா?" என்று கேட்டாள்.

பிப்ரவரி 8

மதியம் ஒரு சிப் கைதவறிக் கீழே விழுந்துவிட்டது. அந்த அளவு பொருளைத் தேடுவதற்கு ஒரே வழி, அறையை இருட்டாக்கிவிட்டு நீல டார்ச் அடிப்பது. சிப்பின் ஓரம் பளிச்சிடும். நீல வெளிச்சத்தைத் தடுக்கிற மஞ்சள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தவழ்ந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது லேசர் பெட்டியின்மேல் அக்டோபரில் நான் வைத்த பொட்டு. காய்ந்து உதிர்ந்த மிச்சம்தான், ஆனால் மின்மினி மாதிரி பச்சையாக எரிந்தது. மைக்ராஸ்கோப்பில் ஒன்று, பம்ப்பில் ஒன்று. சிரிப்பு வந்தது. மேசைமேல் டார்ச்சைத் திருப்பினேன். ட்வீசர் முனை எரிந்தது. ஜாடி எரிந்தது. அடியிலிருந்து விளிம்புவரை ஆல்கஹால் முழுவதும் லேசான பச்சை.

அழகாக இருந்தது.

சிப் மேசைக்காலுக்குப் பின்னால் கிடைத்தது. ஓரம் உடைந்திருந்தது. அறைக்கு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 9

காய்ச்சல் மாதிரி இருந்தது. லேபுக்குப் போகவில்லை.

பிப்ரவரி 11

ஞாயிற்றுக்கிழமை. லேபில் யாருமில்லை. சின்னதாக ஒரு அளவீடு செய்தேன். எழுதுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. இரவு மெஸ்ஸில் சாம்பார் சாதம். சாப்பிடப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 14

சார் புது ஆல்கஹால் டின் வாங்கிவைத்திருக்கிறார். "அந்த ஜாடியக் கொட்டிட்டு அலம்பி, புதுசு ஊத்தும்மா. எப்பப் பாத்தாலும் அதுமேலயே ஊத்தி ஊத்தி வச்சிருக்கோம்" என்றார். இருப்பதே நிறைய இருக்கிறது சார், ஏன் வீணாக்க வேண்டும் என்றேன். என்னை அதிசயமாகப் பார்த்தார்.

டார்ச்சைக் காணோம் என்று யாரோ கேட்டார்கள். என் அலமாரியில் இருக்கிறது. எப்போது அங்கே வைத்தேனோ.

பிப்ரவரி 22

மெர்லின் கேட்டது நியாயமான விஷயம். "அக்கா, உங்க சிப்புல ஒண்ணு அனுப்பித் தருவியளா? அதுல வந்தா எனக்க மெஷினு சரின்னு தெரியும். வரலேன்னா நான் விட்டுட்டுப் போறேன். மேடம் மார்ச்சு வரைக்கும்தான் டைம் தந்திருக்காவ."

அனுப்பினேன். ஜாடியில் அலசி, காயவைத்து, பெட்டியில் போட்டு, கூரியரில். எப்போதும் செய்கிறபடிதான் அலசினேன். அவளுக்கு வரவேண்டும். ஒரே ஒருமுறை அவள் திரையில் விழுந்துவிட்டால் அவள் நிம்மதியாகிவிடுவாள், அவளுடைய மேடமும் வாயை மூடுவார். அதில் யாருக்கு என்ன நஷ்டம்? அலசும்போது கொஞ்சம் கூடுதலாகவே முக்கி வைத்தேன்.

மார்ச் 4

கட்டுரை ஏற்கப்பட்டது.

சார் லேப் முழுவதற்கும் மைசூர்பாகு வாங்கினார். என் தலையில் கைவைத்து, "உன்னால நான் ரிட்டயர் ஆகறப்போ தலை நிமிந்து போவேன்" என்றார். அம்மாவிடம் சொன்னேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசினாள். நான் ஒரு துண்டு மைசூர்பாகை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் முழுங்காமல் இருந்தேன்.

மார்ச் 9

மெர்லின் போன். "வரலக்கா. உங்க சிப்புலயும் வரல."

"சரியா பாத்தியா?"

"பாத்தேன்க்கா. நேராத்தான் போவுது."

எப்படி வராமல் இருக்கும்? வராமல் இருக்கவே இருக்காது. நான் முக்கி எடுத்த முக்குக்கு வெறும் கண்ணாடியிலேயே ஏழு இடத்தில் வந்ததே!

சரி. எழுதியாகிவிட்டது. பேனா எழுதிவிட்டது, இனி அடித்துத் திருத்தி என்ன ஆகப்போகிறது.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நான் அளந்தது வெறும் கண்ணாடித் துண்டு. கடையில் வாங்குகிற சாதாரணக் கண்ணாடி. ஜாடியில் முக்கினேன், லேசர் அடித்தேன், பள்ளம் விழுந்தது. நன்றாக, ஆழமாக, கட்டுரையில் இருப்பதைவிட அழகாக விழுந்தது. என் சிப்பில் ஒன்றுமே இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை. மஞ்சள். ட்வீசரில் நான் தடவிய மஞ்சள் ஆல்கஹாலில் கரைந்து, நாங்கள் மேலே மேலே ஊற்ற ஊற்ற நீர்த்து, ஒவ்வொரு அலசலிலும் சிப்பின்மேல் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஒட்டியிருக்கிறது. ஒற்றை மூலக்கூறு ஒற்றைத் துகளைத்தான் விடும். அதனால்தான் பள்ளம். வெளிச்சத்தில் மஞ்சள் வெளுத்துப்போகும் என்று துணி துவைக்கிற எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அணைந்தது. நான் நன்றாக அலச அலச நன்றாக வந்தது. ஜூலையில் அளந்த கண்ணாடியில் வராததற்குக் காரணம், ஜூலையில் ஆயுத பூஜை வராது.

ஒரு மாதமாக இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன்.

மார்ச் 11

நாளை மெர்லினிடம் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 12

பட்டமளிப்புக்கான விண்ணப்பத்தில் போட்டோ ஒட்டினேன். அம்மா சேலை எடுக்கப் போயிருக்கிறாள். நாளை.

மார்ச் 14

நாளை.

மார்ச் 16

இன்று கூப்பிட்டேன். எடுத்தவுடனே பின்னால் ரயில் நிலைய அறிவிப்பு கேட்டது.

"எங்க இருக்க மெர்லின்?"

"நாகர்கோவில்ல இறங்கிட்டேன்க்கா. விட்டுட்டேன். புதன்கிழமையே எழுதிக் குடுத்தாச்சு. ஊருல ஒரு ஸ்கூல்ல பிசிக்ஸுக்கு ஆளு கேட்டாவ."

உட்கார்ந்துவிட்டேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, "நான் அனுப்பின சிப்புல நிஜமாவே வரலியா?" என்றுதான் கேட்டேன்.

ஒரு பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"வந்துச்சிக்கா."

"அப்புறம் ஏன்..."

"வந்த உடனே எனக்கு அழுகையே வந்துட்டு. மேடத்தக் கூப்பிடப் போனேன், பொறவு எதுக்கும் நல்லா பாத்துக்கிடுவோம்னு அசிட்டோன்ல ஒருக்கா கழுவிட்டு அளந்தேன். ஒண்ணுமே இல்ல. கழுவுனா போயிருததுன்னா அது மேல ஒட்டுனதுலாக்கா? சிப்புக்குள்ள உள்ளதுன்னா கழுவுனா எப்படிப் போவும்?"

"தெரிஞ்சும் ஏன் எங்கிட்ட வரலன்னு சொன்ன?"

"உங்களுக்கு ஏப்ரலு முப்பதுன்னு சொன்னியள்லா. கட்டுரைய ஏத்துக்கிட்டாவன்னு மேடம் சொன்னாவ. நான் வாயத் தொறந்தா உங்களுக்கு எல்லாம் போயிரும். எனக்கு எப்படியும் கை சரியில்லன்னுதான் பேரு. ஒரு ஆளாவது கரையேறட்டும்னு நெனச்சேன். உங்களுக்கு அது தெரியாதுன்னு எனக்குத் தெரியும்க்கா. நீங்க தெரிஞ்சு செய்யுற ஆளு இல்ல."

தெரியாது என்று சொல்லவில்லை. தெரியும் என்றும் சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டது, வைக்கிறேன் என்றாள்.

மார்ச் 18

சாரிடம் சொன்னேன். டார்ச்சை அடித்துக் காட்டினேன். ஜாடியைக் காட்டினேன். வெறும் கண்ணாடியில் விழுந்த பள்ளத்தைக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"இது நம்ம ரெண்டு பேருக்கும்தானே தெரியும்?"

"இல்ல சார். மெர்லினுக்கும் தெரியும். அவ சொல்லாமப் படிப்ப விட்டுட்டுப் போயிட்டா."

"போயிட்டாள்னா..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். என் முகத்தில் என்ன இருந்ததோ. நான் அவரை அடித்துவிடுவேன் என்றுகூட நினைத்திருக்கலாம். நான் நினைத்தது என்னை அடித்துக்கொள்ள வேண்டும் என்று.

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நான்தானேம்மா சின்னதுன்னு விட்டுடாதன்னு சொன்னேன்" என்றார். கம்ப்யூட்டரைத் திறந்து, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று ஆய்விதழுக்கு எழுதினார். நான் வாசுகி மேடத்துக்கு எழுதினேன். மெர்லினின் கையில் கோளாறு இல்லை, அவள் அளந்தது எல்லாமே சரி, அவளைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று.

ஜாடியைக் கொட்டினேன். மூன்று முறை அலம்பினேன்.

மார்ச் 20

வாசுகி மேடத்தின் பதில் காலையில் வந்தது. மிகவும் வருந்துகிறார். மெர்லின் எழுதிக்கொடுத்ததைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டுவிட்டது, விட்ட பதிவை மறுபடி தருவதற்கு விதியில் இடமில்லை. அவள் விடும் முன் இந்தக் கடிதம் வந்திருந்தால் நிச்சயம் நிறுத்தியிருப்பாராம்.

சாயங்காலம் மெர்லினே கூப்பிட்டாள். நான் ஹலோ சொல்வதற்குள், "ஏன்க்கா சொன்னிய?" என்றாள். அவள் குரலில் கோபத்தை முதல்முறையாகக் கேட்கிறேன்.

"சொல்லாம எப்படிம்மா இருக்க முடியும்?"

"இப்ப உங்களுக்கும் இல்லாமப் போச்சு, எனக்கும் இல்லாமப் போச்சு. அப்போ நான் எதுக்கு விட்டுட்டு வந்தேன்? எங்க அப்பாகிட்ட என்னால முடியலன்னு சொல்லிட்டு வந்திருக்கேன் தெரியுமா? எனக்கு முடிஞ்சிதுக்கா! எனக்கு சரியாத்தான் வந்துச்சி!"

அழுதாள். நானும் அழுதேன். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் அதுதான்.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நிதானமாக, "சிப்பு அனுப்புனப்பமே உங்களுக்குத் தெரியுமாக்கா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். போனை அவள் வைக்கவும் இல்லை. அந்தப் பக்கம் யாரோ அவளைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். இந்தா வாறேன் என்று அவர்களிடம் சாதாரணக் குரலில் சொன்னாள்.

என்னிடம் எதுவும் சொல்லாமல் போய்விட்டாள். போன் வெகுநேரம் திறந்தே கிடந்தது. அவள் வீட்டில் தட்டு வைக்கிற சத்தம், தண்ணீர் ஊற்றுகிற சத்தம், அப்பா எதையோ கேட்க அவள் பதில் சொல்கிற சத்தம் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். என் பெயரை அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.